கவனக்குறைவு தனியே வருவதில்லை

தலைநகரில் வாழும் தமிழர் இருவர் திருமண வீட்டிலோ கோயில் வாசலிலோ சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினும் பிள்ளைகளின் படிப்பில் வந்து முடிவது வழக்கம். வீட்டு வாடகை, தில்லிக் குளிர், ஊருக்குச் செல்ல வண்டியில் இடம் கிடையாமை ஆகியவற்றைப் பேசித் தீர்த்தபின், “உங்கள் பையன் எப்படிப் படிக்கிறான்?” என்ற கேள்வி பிறக்கும். அக்கேள்விக்கு விடை கூற நாணித் தலைகுனிந்த தந்தையருள் நாமும் ஒருவராயிருந்தோம். “அறிவெல்லாம் இருக்கிறது; கவனந்தான் இல்லை” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது எமது வழக்கம். அந்த விடையில் பாதி உண்மையே இருந்ததென்பதை அறிந்துகொள்ள எமக்கு ஈராண்டுகள் ஆயின. நாம் பட்டறிந்ததை நம் சங்கத்துக் குடும்பங்களும் அறிந்துகொண்டால், ஒரு சில குழந்தைகளாவது வீண் அடிக்குத் தப்பும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதத் துணிகின்றோம்.

நாம் வைத்தியரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவரே. டாக்டர்கள் விளக்கிச் சொன்னவற்றையும், பிறகு தேடிப் படித்தறிந்தவற்றையும் எமக்கு விளங்கிய அளவில் எடுத்துரைக்கின்றோம்.

சிவப்பு மையில் ஒரு வரி

எம் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பள்ளி நாட்குறிப்பைத் திறந்தால் வாரத்துக்கு மூன்று முறையாவது சிவப்பு மையில் ஆசிரியையின் குறிப்பு இருக்கும். வகுப்பில் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கரும்பலகையில் எழுதியதில் பாதியைத்தான் எழுதுகிறான். பென்சில், அளவுகோல், சாப்பாட்டுப் பெட்டி என நாளுக்கொன்றைத் தொலைக்கிறான். பெயர் சொல்லி மும்முறை அழைத்தாலன்றித் திரும்புவதில்லை என்பனவே அக்குறிப்புகள். வீட்டிலும் அதே கதைதான். ஒரு கணக்கைச் செய்ய அமர்ந்தால் அரை மணி நேரம் கழித்தும் முதல் வரியிலேயே நிற்பான்.

ஒரு நாள் அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டை வந்தது. இரவுப் பணி முடிந்து தூக்கமின்றித் திரும்பியிருந்த நாம் அதைப் பார்த்ததும் நிதானமிழந்தோம். அடிக்கோலை எடுத்துப் பையனை அடித்தோம். “அடியாத மாடு படியாது” என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவரல்லவோ நாம்! அவன் அழவில்லை. அடி வாங்கிய கையைப் பார்த்துக்கொண்டே நின்று, “அப்பா, நான் கவனிக்கத்தான் பார்க்கிறேன், அது நிற்கமாட்டேன் என்கிறது” என்றான். அச்சொல்லை நாம் இன்றளவும் மறந்தோமில்லை.

செய்தி எப்படியோ ஊருக்கு எட்டியது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் எம் தந்தையார் தொலைபேசியில் அழைத்து, “மூன்று மொழியையும் திணித்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள், இங்கே அனுப்பிவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். எம் மனைவியார் அன்றிரவெல்லாம் கண்ணுறங்கவில்லை. பிள்ளையைப் பிரிவதா, அல்லது இங்கேயே வைத்துத் தோற்கவிடுவதா என்பதே எம்முன் நின்ற கேள்வி.

தாயார் சொன்ன விடை

அதற்கு முன் இரு முறை பையனை வைத்தியரிடம் காட்டியிருந்தோம். ஒருவர் டானிக் எழுதிக் கொடுத்தார். மற்றொருவர், “வளர வளரச் சரியாகிவிடும்” என்று அனுப்பிவிட்டார். இரு முறையும் பையனை அழைத்துச் சென்றவர் நாம். மனைவியாருக்கு இந்தி சரளமாக வாராதாகையால் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். இது எத்தகைய தவறு என்பது மூன்றாம் முறையே எமக்கு விளங்கியது.

மூன்றாம் முறை ஓர் அரசினர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சென்றபோது மனைவியாரும் உடன் வந்தார். அங்கிருந்த அம்மையார் டாக்டர் பள்ளிக் குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். படிப்பைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “பையன் இரவில் எப்படித் தூங்குகிறான்?” என்றார்.

“நன்றாகத் தூங்குகிறான்” என்று நாம் விடை கூறிவிட்டோம். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணியிலிருக்கும் எமக்கு அவன் தூங்கும் விதம் எங்ஙனம் தெரியும்? கேள்வியை மனைவியாருக்குத் தமிழில் சொன்னபோது அவர் உடனே, “எங்கே நன்றாகத் தூங்குகிறான்? பெரிய மனிதரைப்போலக் குறட்டை விடுகிறான். வாயைத் திறந்துகொண்டு தலையைப் பின்னால் தள்ளிப் படுக்கிறான். சில நேரம் மூச்சு நின்றாற்போலிருந்து திடுக்கென்று விழித்துப் புரள்வான். காலையில் எழுப்புவதற்குள் என் உயிர் போகிறது” என்றார். நாம் அதை இந்தியில் சொல்லச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு எம்மை நோக்கி, “இவ்வளவு நாள் இந்த அம்மாவை ஏன் அழைத்து வரவில்லை?” என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை.

பிறமொழி நாட்டில் வாழும் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையை இரவும் பகலும் பார்ப்பவர் தாயார். டாக்டரிடம் பேசுபவர் தகப்பனார். அறிந்தவருக்கு மொழியில்லை, மொழியுள்ளவருக்கு அறிவில்லை. இவ்விடைவெளியில்தான் எம் மகனின் ஈராண்டுகள் வீணாயின.

தாமதக் கணக்கு

அந்த அம்மையார் அடுத்துக் கூறியது எம் அலுவலகப் பாடத்தையே எமக்குத் திரும்பச் சொன்னதுபோலிருந்தது. வண்டிகள் நேரந்தவறி வருவதைக் கணக்கிடும் பிரிவில் நாம் வேலை செய்கின்றோம். ஒரு வண்டி ஐம்பது நிமிடம் பிந்தி வந்ததென்றால், “வண்டி தாமதம்” என்று எழுதிவிட்டு எழுந்திருக்க முடியாது. எஞ்சின் கோளாற்றால் இருபது, சிக்னல் பழுதினால் பத்து, அபாயச் சங்கிலி இழுத்ததால் எட்டு, மூடுபனியால் பன்னிரண்டு என ஒவ்வொரு நிமிடத்தையும் அதற்குரிய காரணத்தின் கணக்கில் வைக்க வேண்டும். காரணம் வேறாயின் சரிசெய்பவரும் வேறு. சிக்னல் பழுதுக்காக எஞ்சின் ஓட்டுநரைத் தண்டிப்பதால் வண்டி விரைந்து வாராது.

டாக்டர் கூறியதன் சாரமும் இதுவே: “உங்கள் பையனுக்குக் கவனக்குறைவு நோய் இருக்கலாம். ஆனால் அந்நோய் பெரும்பாலும் தனியே வருவதில்லை, துணைகளோடு வருகிறது. துணைகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கவனத்தைத் திருடும். எது எவ்வளவு திருடுகிறது என்று முதலில் பார்ப்போம். துணைகளை விலக்கியபின் எஞ்சுவதே உண்மையான நோயின் அளவு.”

நோயும் அதன் வரலாறும்

ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் வழங்கும் இந்நோயைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்கின்றனர். இது நேற்று முளைத்ததன்று. ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-ஆம் ஆண்டிலேயே கவனம் நிலைகொள்ளாத நிலையைப் பற்றி எழுதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் இத்தகைய சிறுவரைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆனால் அவரும் இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே கருதினார். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்பவர் சில சிறுவரின் தலைவலிக்காக பென்செட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதும் குறையவில்லை. ஆனால் சிறுவர்கள் பாடத்தில் கருத்தூன்றத் தொடங்கினர். குறை ஒழுக்கத்தில் இல்லை, மூளையின் தொழிற்பாட்டில் உள்ளது என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வலுப்பெற்றது.

இன்று டாக்டர்கள் கைக்கொள்ளும் விதிகள் கண்டிப்பானவை. கவனக்குறைவின் அடையாளங்களாகக் குறித்துள்ள ஒன்பதில் ஆறேனும் குழந்தையிடம் ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். அவை பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பள்ளி, வீடு என இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். வேறொரு நோயே அவற்றை முழுதும் விளக்குவதாகவும் இருத்தல் கூடாது. பள்ளியில் மட்டும் கவனமில்லை, வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே செய்கிறான் என்றால் முதலில் பள்ளியை விசாரிக்க வேண்டும்.

துணை நோய்களைப் பற்றியும் கணக்குகள் உள்ளன. 2016-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, இந்நோய் உள்ள சிறுவரில் பத்தில் அறுவருக்கு மேல் உடன் மற்றொரு மனநல, நடத்தை, வளர்ச்சிக் குறைபாடேனும் இருந்தது. நம் நாட்டில் தில்லிக்கு அண்மையிலுள்ள பல்வல், இமாசலத்தின் காங்கிரா, ஒடிசாவின் டேங்கானால், வட கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள சிறுவரிடை நடத்திய ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. நரம்பு வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறுவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்ததாக அது கூறுகிறது. ஆகவே “இன்னும் என்ன இருக்கிறது?” என்று கேட்பது டாக்டரின் கடமை, கேட்காத டாக்டரிடம் நினைவூட்டுவது பெற்றோரின் கடமை.

முதல் துணை: கெட்ட தூக்கம்

பெரியவருக்குத் தூக்கம் கெட்டால் சோம்பல் வரும். சிறுவருக்கோ பரபரப்பும் கவனச்சிதறலும் வரும். அதனால்தான் ஒருவரும் தூக்கத்தைச் சந்தேகிப்பதில்லை. மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதையும், தொண்டையில் டான்சிலும் பருத்துவிட்டால் படுக்கையில் மூச்சுவழி அடைபடுகிறது. பிள்ளை இரவு முழுதும் தன்னையறியாமல் பன்முறை விழித்து விழித்து உறங்குகிறான். தில்லியிலோ கார்த்திகை பிறந்தால் வானைப் புகை மூடிவிடுகிறது. மூக்கடைப்பும் ஒவ்வாமையும் உள்ள குழந்தைகள் மாசி வரை வாயால் மூச்சு விடுகின்றனர்.

எம் மகனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டினோம். முதலில் சில மாதம் மூக்கில் பீச்சும் மருந்து. அதனால் போதிய பயனில்லாமற் போகவே கோடை விடுமுறையில் அடினாய்டையும் டான்சிலையும் எடுத்துவிட்டனர். சத்திரசிகிச்சைக்கு முன் டாக்டர் எம்மிடம் ஓர் உண்மையை மறைக்காமற் சொன்னார். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் 5 முதல் 9 வயதுள்ள 464 சிறுவரைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2013-இல் வெளியிட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோரின் தூக்கமும் நடத்தையும் சிறந்தன. பெற்றோரும் ஆசிரியரும் மாற்றத்தைக் கண்டனர். ஆயினும் கவனத்தை அளக்கும் நேர்ச் சோதனையில், காத்திருந்த சிறுவரைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு முந்திவிடவில்லை. “பகல் எளிதாகும், அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்” என்றார் அவர். அவ்வாறேயாயிற்று. பையன் காலையில் தானே எழுந்தான். மாலையில் சிடுசிடுப்பு குறைந்தது. பென்சில்கள் மட்டும் தொலைந்துகொண்டேயிருந்தன.

இரண்டாம் துணை: இரும்புச் சத்துக் குறைவு

இரத்தப் பரிசோதனையில் எம் மகனின் இரத்தம் போதுமான சிவப்பாகவே இருந்தது. ஆயினும் ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பு மிகக் குறைந்திருந்தது. கைச் செலவுக்குப் பணமிருந்தும் வங்கிக் கணக்கு வெறுமையாயிருப்பது போன்றது இது. கவனத்துக்கு வேண்டிய டோபமின் என்னும் பொருளை மூளை உண்டாக்க இரும்பு தேவைப்படுகிறது. இரும்பு குறைந்தவருக்கு இரவில் கால் துடித்துத் தூக்கமும் கெடுவதுண்டு. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. வசதியுள்ள வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

இரும்பு கொடுப்பதால் கவனக்குறைவு தணியுமா என்று ஆராய்ந்தோர் சிறிய அளவில் நன்மை கண்டனர். அறுதியிட்டுக் கூறும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் குறைவு இருந்தால் அதனை நிரப்புவதில் கருத்து வேறுபாடே இல்லை. இரண்டு எச்சரிக்கைகள். சோதியாமல் இரும்பு மாத்திரையைத் தாமே வாங்கிக் கொடுத்தல் ஆகாது, மிகுந்தால் நஞ்சு. மற்றொன்று நம் வீட்டுப் பழக்கம் பற்றியது. குளிருக்கு இதமென்று சாப்பாட்டோடு தேநீரும் காப்பியும் குடிக்கக் கொடுக்கின்றோம். அவை உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு உதவும். எம் வீட்டில் சாப்பாட்டு வேளைத் தேநீரை நிறுத்தி, கீரைக்கு எலுமிச்சை பிழிந்தோம். டாக்டர் எழுதிய மருந்தை மூன்று மாதம் கொடுத்தோம்.

மூன்றாம் துணை: அச்சம்

இதுவே எமக்கு மிகுந்த வேதனை தந்தது. மனநல நிபுணர் பையனைத் தனியே அமர்த்தி, படம் வரையச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். இந்தி வகுப்பில் ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதும் நேரம் வந்தால் அவனுக்கு வயிற்றைப் பிசையுமாம். இரண்டாம் வகுப்பில் ஒருநாள் அவன் ஒரு சொல்லைத் தமிழ் ஒலியில் படித்தபோது வகுப்பே சிரித்ததாம். அன்று தொட்டுத் தன் முறை வருமோ என்ற பயத்திலேயே அவன் பாதிப் பாடத்தைக் கழித்து வந்திருக்கிறான். சன்னலைப் பார்த்த கண்கள் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக இதனை எம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அப்பா அடிப்பார்” என்றானாம். நிபுணர் இதனை எமக்குத் தெரிவித்தபோது நாம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அச்சம் கொண்ட மனம் ஆபத்தைக் காத்து நிற்கும். பாடத்தைக் காத்து நில்லாது. 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 சிறுவரைப் பதினான்கு மாதம் கவனித்து வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியொன்று, நோயின் முக்கிய அடையாளங்களுக்கு முறையாகக் கொடுத்த மருந்தே சிறந்ததெனக் கண்டது. ஆனால் கவனக்குறைவோடு அச்சமும் பதற்றமும் உள்ள சிறுவருக்கு, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி அளித்து நடத்தையைச் சீர்செய்யும் முறையும் நல்ல பலன் தந்ததாகவும் அது கூறுகிறது. எம் மகனுக்கு அம்முறையையே மேற்கொண்டனர். அடிப்பதை நாம் அறவே விட்டோம். ஆசிரியையும் பெருந்தன்மையோடு அவனை முதல் வரிசையில் அமர்த்தி, முன்னறிவிப்பின்றி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். வேலையைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாராட்டு என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

எமக்கு இல்லாத, பிறர்க்கு இருக்கக்கூடிய துணைகள்

வேறு சிலவற்றையும் சோதித்து இல்லையென்று உறுதி செய்தனர். அவையும் அறியத்தக்கவை.

காது: சளி பிடித்த பின் நடுச்செவியில் நீர் தேங்கினால் வலியே இல்லாமல் செவிப்புலன் குறையும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

கண்: கரும்பலகையில் எழுதியதைப் பாதியில் விடும் பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடியே மருந்தாக இருக்கலாம்.

வலிப்பின் ஒரு வகை: பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் குழந்தை சட்டென்று நின்று, சில நொடி வெறித்துப் பார்த்து, ஒன்றும் நடவாததுபோல மீண்டும் தொடரும். இது ஒரு நாளில் பன்முறை நிகழலாம். தொட்டாலும் அழைத்தாலும் கலையாதது இதன் அடையாளம். பகற்கனவாயின் தொட்டதும் கலையும். மூளை மின் அலைப் பரிசோதனையால் இதனை அறியலாம். மருந்தால் பெரும்பாலும் அடக்கலாம்.

கற்றல் குறைபாடு: அறிவிருந்தும் எழுத்துக்கூட்டவோ, எழுதவோ, கணக்கிடவோ இயலாமை. புரியாத பாடத்தில் எவர்தாம் கவனம் வைப்பர்? ஆனால் சோதிப்பவரிடம் வீட்டுமொழி தமிழ் என்பதைத் தவறாமற் சொல்ல வேண்டும். இல்லையேல் இந்தியில் பழக்கமின்மையே குறைபாடாகக் காணப்படக்கூடும். இக்குறைபாட்டுக்குச் சட்ட உரிமையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஒன்று. கவனக்குறைவு நோய் தனியே அப்பட்டியலில் இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டையும் கண்டறிந்து சான்றிதழ் பெறுவது தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகளுக்கு வழியாகும்.

எஞ்சியது

ஏறத்தாழ எட்டு மாதம் இவ்வாறு கழிந்தது. டாக்டர் அதே கேள்வித்தாளை மீண்டும் எம்மிடமும் ஆசிரியையிடமும் கொடுத்து நிரப்பச் செய்தார். பரபரப்பும் சிடுசிடுப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன; அச்சம் பெரும்பகுதி நீங்கியிருந்தது. ஆனால் மறதியும், தொடங்கிய வேலையை முடிக்காமையும், பொருள்களைத் தொலைப்பதும் எஞ்சி நின்றன. “ஐம்பது நிமிடத் தாமதத்தில் முப்பதைக் கழித்துவிட்டோம். மீதி இருபது எஞ்சினுடையது” என்று நாமே சொல்ல, டாக்டர் சிரித்துக்கொண்டு, “ஆம், இப்போது மருந்தைப் பற்றிப் பேசலாம்” என்றார்.

துணை நோய்களைத் தீர்த்தால் போதும், மருந்து வேண்டாம் என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் ஆசைப்பட்டோம். அது சரியன்று. துணைகளைத் தீர்ப்பது கவனக்குறைவின் பாரத்தைக் குறைக்கும். அடிப்படை நோய் இருந்தால் அது இருக்கவே செய்யும். அதற்கு மெத்தில்ஃபெனிடேட், அட்டொமாக்செட்டின் முதலிய மருந்துகள் உள்ளன. முன்னது நம் நாட்டில் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருப்பதால் டாக்டரின் சீட்டின்றிக் கிடைக்காது. பசி குறைதல், தூக்கம் பிந்துதல் முதலிய விளைவுகள் உண்டாகையால், எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது அளக்கின்றனர். வேறு நோய்கள் என்னென்ன உள்ளன என்பது முன்னரே தெரிந்திருந்தால்தான் எம்மருந்து, எவ்வளவு என்று டாக்டர் தீர்மானிக்க முடியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நோய் கடுமையாயின் இரண்டையும் ஒருங்கே தொடங்குவர்.

எம் மகன் இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கிறான். வகுப்பில் முதல்வனல்லன், நடுவில் நிற்கிறான். சென்ற மாதம் ஒரு கணக்கு முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிட்டு வந்து, “அப்பா, இன்றைக்கு அது நின்றது” என்றான். நாம் பெற்ற பதவி உயர்வு எதுவும் எமக்கு அத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். இந்நோய் பெரிதும் குடும்ப வழியே வருவது என்று டாக்டர் கூறியபோது எம் பழைய நாட்கள் எம் கண்முன் வந்தன. நாமும் பென்சில் தொலைத்த பிள்ளைதான். அடிவாங்கிப் பத்தாம் வகுப்போடு நின்றவர்தான். எம்மை அடித்தவர்களும் எம்மிடம் அன்பில்லாமல் அடிக்கவில்லை, அறியாமல் அடித்தார்கள். எம் மகனோடு அந்த வரிசை முடியட்டும்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

பிள்ளைக்குக் கவனமில்லை என்ற புகார் வந்தால், ஒரு வாரம் அவனைக் கவனித்துத் தமிழிலேயே எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், குறட்டை உண்டா, என்ன சாப்பிட்டான், எவ்வேளையில் எவ்விடத்தில் கவனம் குலைந்தது, எதற்கு அஞ்சுகிறான் என்று. டாக்டரிடம் தாயாரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதை நாம் மொழிபெயர்ப்போமேயன்றி, அவருக்குப் பதிலாக நாமே விடை கூறுதல் வேண்டாம்.

தில்லியில் இத்தகைய குழந்தைகளைக் கவனிக்கும் அரசினர் நிலையங்கள் உள்ளன. 1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், அதே ஆண்டு தொடங்கிய கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையும், தில்ஷாத் தோட்டத்திலுள்ள மனித நடத்தை மற்றும் துணை விஞ்ஞானக் கழகமும் அவற்றுட் சில. கூட்டம் மிகுதி, பொறுமை வேண்டும். எங்கே தொடங்குவதென்று அறியாதவர், 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மொழி தெரியாமல் வாய்மூடியிருக்கும் தாய்மார்களுக்கு இது பெரியதோர் உதவி.

நாம் பிழைப்புக்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவர்கள். பிள்ளைகள் தேறவேண்டும் என்பதற்காகவே இந்தக் குளிரையும் புகையையும் தாங்குகின்றோம். அந்த ஆசையே சில வேளைகளில் கையில் அடிக்கோலாக மாறிவிடுகிறது. அடுத்த முறை நாட்குறிப்பில் சிவப்பு மை தென்பட்டால், கோலை எடுக்குமுன் பிள்ளை உறங்கும் அறைக்குச் சென்று ஒரு நாழிகை அவன் மூச்சைக் கேட்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம்.